கேள்வி வந்து சேராத பெஞ்சு

"இவனுக்குப் படிப்பு ஏறாதுப்பா. ஆடு மாடு மேய்க்க விட்டுடு."

சேரியிலிருந்து பள்ளிக்கூடம் போன எவரும் இதைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. நம்ம காதில் நேராக விழுந்திருக்கும், இல்லையென்றால் அப்பன் ஆத்தாளிடம் சொல்லியனுப்பியிருப்பார்கள். வெறும் வசவு என்று நினைத்து நாம் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் இது ஒரு கோட்பாடு. படிப்பு என்பது மேலேயிருந்து ஊற்றுகிற சரக்கு, மண்டை என்பது பாத்திரம், சில சாதிப் பாத்திரத்தில் பிறவியிலேயே ஓட்டை என்று சொல்கிற உளவியல் கோட்பாடு. இதை எந்தப் புத்தகத்திலும் படித்து வாத்தியார் வருவதில்லை. வரும்போதே கொண்டுவந்து விடுகிறார்.

இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் பொய்யென்று காட்டிய அறிவியலுக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்க ஊர் தொடக்கப்பள்ளியில் காலனிப் பிள்ளைகள் நாங்கள் நாலு பேர். கதவோரச் சுவரை ஒட்டிய கடைசி வரிசைதான் எங்களுக்கு. 'அங்கே உட்காரு' என்று எவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வாய்ப்பாடு கேட்கிற நேரத்தில் வாத்தியாரின் பிரம்பு முதல் வரிசையில் ஆரம்பிக்கும், இரண்டாவது, மூன்றாவது வரிசை வரைக்கும் வரும், திரும்ப முதல் வரிசைக்கே போய்விடும். எங்களிடம் வராது. அடியும் விழாது, கேள்வியும் வராது. அப்போது அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறேழு வாய்ப்பாடு முழுசாகத் தெரியாமலே அஞ்சாம் வகுப்பு தாண்டினேன். அந்த அஞ்சு வருஷத்தில் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மைதானத்தில் முள் பொறுக்கணும், புல் செதுக்கணும் என்றால் எங்க நாலு பேர் பெயரும் அவருக்கு மறக்கவே மறக்காது.

பிறகு எப்படியோ படித்து, நானே வாத்தியார் பயிற்சிக்குப் போனேன். கல்வி உளவியல் என்று ஒரு தாள். பாவ்லவின் நாய்க்கு எச்சில் ஊறியதை எத்தனை தடவை எழுதினேனோ கணக்கில்லை. தார்ண்டைக்கின் ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பயிற்சி இல்லாத கற்றல் தேயும் என்பது பயிற்சி விதி. சந்தோஷம் தருகிற விளைவுள்ள செயல் நிலைக்கும் என்பது விளைவு விதி. இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினோம். கதவோரத்துப் பெஞ்சுக்குக் கேள்வியே வராதபோது அங்கே எந்தப் பயிற்சி, எந்த விளைவு என்று அந்த வகுப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. நாய், பூனை, குரங்கு எல்லாவற்றின் கற்றலும் அந்தப் பாடத்தில் இருந்தது. நாங்கள் மட்டும் அதில் இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, நாட்டில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது, யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். கலெக்டர்கள் அனுப்பிய கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பு எல்லோருக்கும் கல்வி இருந்தது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். 1983இல் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்ட பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியது. அட்டவணையில் பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற சாதியார், முசல்மான் என்று பத்தி பிரித்திருக்கிறார்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் என்று தனிப்பத்தி கிடையாது. 'மற்ற சாதியார்' என்ற அந்த ஒற்றைப் பத்திக்குள் நம்ம பாட்டனையும் உட்கார வைத்துவிட்டுப் 'பார், நீயும் படித்தாய்' என்கிறார்கள். திண்ணை எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டால் பதில் வராது. அந்தத் தெருவுக்குள் செருப்போடு நடக்கக் கூடாத பிள்ளை, அந்தத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து அரிச்சுவடி படித்தான் என்று நம்ப வேண்டுமாம்!

நம்மிடம் எழுத்தே இருந்ததில்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் அவர்கள் கட்டிய பொய்தான். வள்ளுவர் கையில் சோதிடம் இருந்தது, வைத்தியர் கையில் ஏடு இருந்தது. ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதிவைத்திருக்கிறார். எழுத்து நம் வீடுகளிலும் இருந்தது. ஊர்த்திண்ணையில்தான் நமக்கு இடமில்லை.

அந்தத் திண்ணையில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? மன்றோவின் கணக்கெடுப்புக்காக பெல்லாரி கலெக்டர் காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில் அதை விலாவாரியாகப் பார்க்கலாம். காலையில் முதலாவதாக வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்கு ஒரு சுழி. மூன்றாவதாக வந்தவனுக்கு ஒரு அடி, நாலாவது ஆளுக்கு இரண்டு அடி என்று வர வர ஏறிக்கொண்டே போகும். தார்ண்டைக் பிறப்பதற்கு ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே பரிசும் தண்டனையும் இங்கே இப்படிக் கணக்காக நடந்திருக்கிறது. தமிழ்த் திண்ணைகளில் கோதண்டம் என்று கயிற்றில் தொங்கவிடுகிற கொடுமையும் இருந்தது. அதையெல்லாம் பாராட்ட ஒன்றும் இல்லை.

ஆனால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மணலில் விரலால் எழுதணும், எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லணும். கை, கண், வாய், காது நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். எண்சுவடியை முறை வைத்துச் சொல்லணும். தினமும் ஒவ்வொரு பையனும் யாரிடமாவது ஒப்பித்தே ஆகணும். வாய் திறக்காமல் ஒருத்தனும் வீட்டுக்குப் போக முடியாது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற இந்த ஏற்பாட்டை இங்கிலாந்து காப்பியடித்தது தகும் என்று காம்பெலே எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்து காப்பியடித்த கதை இதுதான். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பு 1789இல் அவர் கைக்கு வந்தது. கம்பெனிப் படையின் வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் இங்கத்திய பெண்களிடம் பிறந்த பிள்ளைகளுக்கான பள்ளி அது. சம்பளத்துக்கு வந்த வாத்தியார்களை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருநாள் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அதையே தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். வாத்தியார்கள் மசியவில்லை. 'சரி, நீங்கள் வேண்டாம்' என்று ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டுச் சின்ன வகுப்பை அவன் கையில் கொடுத்தார். அவன் ஒரு சாதாரண சிப்பாயின் மகன். வாத்தியார்கள் 'முடியாது' என்றதை அந்தப் பொடியன் செய்துகாட்டினான்.

பெல் லண்டனுக்குத் திரும்பி 1797இல் இதைப் புத்தகமாகப் போட்டார். அடுத்த வருஷமே ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கு இதே மாதிரிப் பள்ளியைத் தொடங்கினார். 1811இல் தேசியக் கல்விச் சங்கம் என்ற அமைப்பு உருவாகி 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்து முழுக்கப் பரப்பியது. லண்டன் சேரியின் பிள்ளைகள் மதராஸ் முறையில் எழுதப் படிக்கக் கற்றார்கள். மதராஸ் சேரியின் பிள்ளைகள் அப்போது வயலில் களை பறித்துக்கொண்டும் பண்ணையாரின் மாட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டும் இருந்தார்கள். முறை கப்பலேறிக் கடல் தாண்டியது. ஊர்த்தெருவிலிருந்து சேரிக்கு இருக்கிற அந்தக் கால் மைலை அது தாண்டவில்லை.

சர்க்கார் பள்ளிகள் வந்த பிறகாவது நிலைமை மாறியதா? 1856இல் தார்வாரில் ஒரு மகார் பையன் சர்க்கார் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி மனுப் போட்டான். பம்பாய் அரசாங்கம் மறுத்தது. ஒருத்தனைச் சேர்த்தால் மற்ற எல்லோரும் வெளியே போய்விடுவார்கள் என்பதுதான் காரணம். 1882இன் ஹண்டர் கமிஷன், சாதி காரணமாக எவரையும் சர்க்கார் பள்ளியில் தடுக்கக் கூடாது என்ற கொள்கையை உறுதி செய்தது. செய்தாலும் உள்ளூரில் வற்புறுத்தி மோதல் உண்டாக்க வேண்டாம், தனிப்பள்ளி வைக்கலாம் என்ற பாதையையும் திறந்து வைத்தது. சென்னை மாகாணத்தில் பஞ்சமர் கல்விக்கென்று 1893இல் தனி அரசாணை வந்தது. மிஷன் பள்ளிகள் அதற்கு முன்பிருந்தே சேரிக்குள் வந்திருந்தன.

இந்தச் சமயத்தில்தான் 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில், பிரம்மஞான சபையின் பக்கத்திலேயே, பறையர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். சில வருஷங்களில் அது ஐந்து பள்ளிகளானது. இந்தப் பள்ளிகள் நம் கட்டுரைக்கு முக்கியம். ஏனென்றால் அப்போது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதுசாக இருந்த ஃப்ரோபெலின் கிண்டர்கார்டன் முறையை, அதாவது விளையாட்டு, பொருள், பாட்டு, கைவேலை வழியாகக் கற்பிப்பதை, இங்கே சேரிப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெண் கல்வியாளர்கள் பொறுப்பேற்று நடத்தினார்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று 1906இல் ஆசிரியர்களுக்கான ஒரு கையேடே வெளியிட்டார்கள். பறையர் பிள்ளைக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பது தனிப் புத்தகம் போட்டு யோசிக்க வேண்டிய விஷயமாக இந்த மண்ணில் ஆனது அப்போதுதான். அந்தப் பிள்ளைகள் படித்தார்கள், தேறினார்கள். 'மண்டையில் ஏறாது' என்பதற்கான பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஆனால் அதே சபையின் அன்னி பெசன்ட் அம்மையார் 1909இல் 'இந்தியன் ரெவியூ' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கல்வி வேண்டும், ஆனால் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் வேண்டாம் என்பது அவர் வாதம். இந்தப் பிள்ளைகளின் உடம்பில் நாற்றம், சாப்பாடும் பழக்கமும் அப்படி, சுத்தமான உடம்பு வருவதற்கே தலைமுறைகள் ஆகும் என்ற ரீதியில் எழுதினார். பின்னாளில் பாபாசாகேப் அம்பேத்கர், காங்கிரசைப் பற்றிய தம் நூலில் இந்தக் கட்டுரையை எடுத்துப்போட்டு அம்பலப்படுத்தினார். இதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். 'மண்டையில் ஏறாது' என்பது பொய்யானதும் 'உடம்பு ஒத்துவராது' என்று வந்தது. இடம் மண்டையிலிருந்து தோலுக்கு மாறியது, பெஞ்சு மாறவில்லை.

அம்மையார் இதை எழுதிய காலத்தில், பம்பாயில் அம்பேத்கர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு அவர் உட்கார்ந்த இடம் நமக்குத் தெரியும். சாதாராவின் பள்ளியில் மூலையில் ஒரு கோணிச்சாக்கு. அதையும் சாயந்திரம் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டு மறுநாள் கொண்டுவரணும். பள்ளியைப் பெருக்குகிற ஆள்கூட அதைத் தொட மாட்டான். தண்ணீர்க் குழாயை அவர் தொடக் கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும், பியூன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. இதையெல்லாம் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவர் வாழ்க்கை வரலாற்றில் இன்னொரு சம்பவம் வருகிறது. ஒருநாள் வாத்தியார் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னார். உடனே வகுப்பில் ஒரே களேபரம். மற்றப் பிள்ளைகள் தங்கள் டிபன் டப்பாக்களைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். தீட்டாகிவிடும் என்று ஓடிப்போய் டப்பாக்களை அள்ளிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் கரும்பலகையைத் தொட முடிந்தது.

இந்தச் சம்பவத்தைத் தீண்டாமைக் கொடுமைக்கு உதாரணமாகச் சொல்லி நாம் வருத்தப்படுகிறோம். வாத்தியாராக இருந்து பார்க்கும்போது எனக்கு வேறொன்றும் தெரிகிறது. கேள்வி அந்தப் பையனிடம் வந்து சேர்வதற்கு இடையில் எத்தனை டப்பாக்களை நகர்த்த வேண்டியிருந்தது! அத்தனை பேர் பார்வைக்கு நடுவில் சாக்பீஸைப் பிடித்த அந்தக் கைக்கு, கணக்கு மட்டுமா கணக்கு?

1913இல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஜான் டூயியிடம் பாடம் கேட்டார். கற்றல் என்பது கூடி வாழ்கிற அனுபவத்தில் நடப்பது, ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளாத சமூகத்தில் சனநாயகமும் இருக்காது, கல்வியும் இருக்காது என்று சொன்னவர் டூயி. அவருடைய 'சனநாயகமும் கல்வியும்' 1916இல் வந்தது. 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதும்போது அம்பேத்கர், டூயிக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகச் சொல்கிறார். கோணிச்சாக்கில் தனியாக உட்கார்ந்து படித்தவருக்கு அந்தத் தத்துவம் புத்தக அறிவாக மட்டும் பட்டிருக்காது.

அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் அதே காலத்தில் இருந்தவர்தான் நாங்கள் மனப்பாடம் செய்த தார்ண்டைக். 1898இல் பூனைகளைக் கூண்டில் அடைத்து ஆராய்ந்து பேர் வாங்கியவர். அறிவு பெரும்பாலும் பிறப்பில் வருவது என்று நம்பியவர், இன மேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தவர். 2020இல் அந்தக் கல்லூரியே தன் கட்டடத்திலிருந்து அவர் பெயரை நீக்க முடிவு செய்தது. எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் அவருடைய விதிகள் மூன்றும் இருந்தன, இந்த நம்பிக்கை பற்றி ஒரு வரி இல்லை. டூயியின் பெயர் இருந்தது, அவரிடம் படித்த அம்பேத்கரின் பெயர் இல்லை.

பிறவி அறிவு என்ற பேச்சை உடைத்ததில் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, 1940களில் சின்னப் பிள்ளைகளிடம் நிறம் தவிர எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிற பொம்மைகளைக் கொடுத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். தனிப்பள்ளிகளை எதிர்த்து நடந்த வழக்குகளில் கென்னத் கிளார்க் சாட்சி சொன்னார். 1954இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிள்ளைகளைப் பிரித்து வைப்பதே அவர்கள் மனசில் தாழ்வை ஏற்படுத்துகிறது, தனியாக வைத்துவிட்டுச் சமம் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வு இடம்பெற்றது. அன்னி பெசன்டுக்கான பதிலாக இதை நாம் படிக்கலாம்.

1968இல் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில், சும்மா குலுக்கல் முறையில் எடுத்த ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைப் பற்றி, 'இவர்கள் இந்த வருஷம் நன்றாக மலரப் போகிறார்கள்' என்று வாத்தியார்களிடம் சொன்னார்கள். வருஷக் கடைசியில் சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே முன்னேறியிருந்தார்கள். அந்த விளைவின் அளவு பற்றி ஆய்வாளர்களிடம் நிறையச் சண்டை நடந்தது, முதலில் சொன்ன அளவுக்குப் பெரிதில்லை என்பதும் சரிதான். ஆனால் வாத்தியார் எதிர்பார்ப்பது பிள்ளையிடம் போய்ச் சேர்கிறது என்பதை மறுக்க முடியவில்லை. எங்களைப் பற்றி ஊர் வாத்தியாரிடம் எவரும் குலுக்கல் போட்டுச் சொல்லவில்லை. ஊரே சொல்லி வைத்திருந்தது.

நம் நாட்டிலேயே நடந்த சோதனை ஒன்று உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களிடம் நடத்தியது. 2004இல் வெளிவந்தது. உயர்சாதிப் பையன்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். தாளில் அச்சடித்த புதிர்ப்பாதைக்கு வழி கண்டுபிடிக்கணும், ஒவ்வொரு புதிருக்கும் காசு உண்டு. சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்தன. அடுத்து, எல்லோர் முன்னாலும் ஒவ்வொருத்தன் பெயர், அப்பன் பெயர், ஊர், சாதி என்று வாசித்தார்கள். அதே புதிர், அதே காசு. நம் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்பு இருந்த அறிவு எங்கே போனது? மண்டையில் ஓட்டை விழுந்ததா? விழவில்லை. சாதிப் பெயரைச் சபையில் வாசித்தார்கள், அவ்வளவுதான். 'எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரி, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கு' என்று வகுப்பில் கத்துகிற ஒவ்வொரு காலையிலும் இந்தச் சோதனை நடந்துகொண்டுதான் இருந்தது. கணக்கெடுக்கத்தான் ஆள் இல்லை.

நமக்குக் கசக்கிற ஒரு ஆய்வையும் சொல்லியாகணும். ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இருவர் 2012இல் வெளியிட்டது. இந்தியாவில் பிள்ளைகளின் விடைத்தாள்களில் சாதியைத் தாறுமாறாக மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்ச்சாதி என்று எழுதியிருந்த தாளுக்கு மார்க் கொஞ்சம் குறைந்தது. அந்தக் குறைவு அதிகமாக வந்தது கீழ்ச்சாதி ஆசிரியர்களின் கையிலிருந்துதான் என்று அந்த ஆய்வு சொல்கிறது. நானும் ஆசிரியன். நம்ம பிள்ளைகளைப் பார்த்து 'உங்களையெல்லாம் திருத்த முடியாதுடா' என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஊர் வாத்தியார் என் காதில் ஊற்றியதை நான் அடுத்த தலைமுறைக்கு ஊற்றியிருக்கிறேன். தலித் ஆசிரியர்கள் வந்துவிட்டால் போதும் என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

இப்போது கதவோரப் பெஞ்சுக்கே திரும்பி வருகிறேன். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் தன்னைத்தானே சோதித்து எழுதினார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று கணக்குப் பார்த்தார். ஒரு நாளுக்குள் பெரும்பகுதி போய்விடுகிறது. இது எல்லா மண்டைக்கும் பொது. பார்ப்பான் மண்டை, பறையன் மண்டை என்ற வித்தியாசமில்லை. மறக்காமல் இருக்க என்ன வழி? 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு தரப்பு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு தரப்பு ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 42 சதவீதம் ஞாபகம் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். கேள்வி கேட்பது பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதா என்று பார்க்க மட்டுமில்லை. கேள்வி கேட்பதே கற்பிப்பது. ஞாபகத்தைத் தோண்டித் தோண்டி எடுக்கும்போதுதான் அது பதிகிறது.

திண்ணையில் முறை வைத்துச் சொல்லச் சொன்னதும், சட்டாம்பிள்ளையிடம் தினமும் ஒப்பித்ததும் இதைத்தான் செய்தன. ஃபிரிஸ்கன் என்ற பொடியன் எழும்பூரில் செய்ததும் இதுதான். ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வசதி தலைமுறை தலைமுறையாகக் கிடைத்தது. வகுப்பில் கேள்வி, வீட்டில் தாத்தா கேட்கும் கேள்வி, டியூஷனில் இன்னொரு கேள்வி. கதவோரத்துப் பெஞ்சுக்கு ஒன்றும் வரவில்லை. கேட்டோம், மறந்தோம். எல்லா மனுஷ மண்டையும் மறக்கிற மாதிரிதான் மறந்தோம். வருஷக் கடைசியில் பரீட்சை வைத்து 'பாத்தியா, ஏறலை' என்றார்கள். சாதி இப்படித்தான் ஞாபகசக்தியாக வேஷம் போட்டு ரேங்க் கார்டில் வந்து உட்காருகிறது. கொடுக்காமல் விட்டவனின் குற்றம் வாங்காதவனின் குறையாக எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டில் இதை மாற்றப் பார்த்த முயற்சி இல்லாமலில்லை. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டைகள், ஏணிப்படி முறையை ஒட்டியது. 2007இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் போட்டார்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள், வாத்தியாரும் தரையில் உட்கார்ந்தார். சுவரில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை, ஒவ்வொருத்தருக்கும் அதில் ஒரு பங்கு. அதில் குறைகள் இருந்தன. அட்டை மாற்றுவதே வேலையாகிப் போன வகுப்புகளை நானே பார்த்திருக்கிறேன். பிறகு முறைகள் மாறின, 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. ஆனால் ஒன்றை மறக்க முடியாது. வட்டத்துக்குக் கடைசி வரிசை கிடையாது. டப்பாக்களை நகர்த்தாமல் எந்தப் பிள்ளையும் எழுந்துபோய்க் கரும்பலகையைத் தொட முடிந்தது. ஊரில் சில பெற்றோர்கள் 'இது என்ன படிப்பு, எல்லாம் கலந்து உட்கார்ந்துக்கிட்டு' என்று முகம் சுளித்ததில் கல்வியைப் பற்றிய கவலை எவ்வளவு, பாயைப் பற்றிய கவலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கணும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த மாணவர்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்கணும், மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கணும், வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. அறிக்கை வந்ததுமே எதிர்ப்புக் குரல் கிளம்பியது. அகர வரிசை என்றால் இவர்களுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்? உத்தரப் பிரதேசத்துப் புதிர்த்தாளை வைத்துப் பார்த்தால் புரியும். சாதியை வாசிக்காத வகுப்பறையில் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி புதிர் போட்டுவிடும். அது வெளியே தெரிந்துவிடும்.

அகர வரிசையில் உட்கார வைப்பதோடு வேலை முடியாது. என் வேலைக்காலத்தின் கடைசி வருஷங்களில் நான் ஒரு சின்ன பழக்கம் வைத்துக்கொண்டேன். வகுப்புப் பிள்ளைகள் எல்லோர் பெயரையும் தனித்தனிச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். கேள்வி கேட்டதும் ஒரு சீட்டை எடுப்பேன். வந்த பெயருக்குத்தான் கேள்வி. பதில் தெரியவில்லையென்றால் அடியில்லை, சிரிப்பில்லை, பக்கத்துப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும், மறுநாள் அதே கேள்வி அதே பிள்ளைக்கு வரும். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று தெரிந்தது. எட்டு மாசமாக அந்த வகுப்பில் இருந்த சில பிள்ளைகளின் குரல் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதில் பாதிக்கு மேல் நம்ம பிள்ளைகள்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்துக்குப் போய் 'எம்புள்ள எப்படிப் படிக்கிறான்?' என்று கைகட்டிக் கேட்கிறோம். இனி அப்படிக் கேட்க வேண்டாம். 'எம்புள்ளய எங்க உக்கார வெச்சிருக்கீங்க? இந்த வாரம் எத்தன தடவ கேள்வி கேட்டீங்க?' என்று கேட்போம். சாயந்திரம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், நமக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 'இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க, எனக்குச் சொல்லு' என்று உட்கார வைத்துக் கேட்போம். எழுத்தறியாத ஆத்தாளுக்குப் பாடம் சொல்கிற பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. எழும்பூரில் அந்த எட்டு வயசுப் பையன் மணலில் செய்ததும் அதுதான்.